சுவரின் நிறமும் வீட்டுச் செலவும்

வீட்டுப் புதுப்பிப்புக் கடன் பெற்று வண்ணம் பூசவிருப்போர், நிறத்தை அழகு கருதி மட்டும் தேர்ந்தெடுத்தல் போதாது. வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அடர்நீலமோ 10 விழுக்காட்டளவே அனுப்பும். எனவே, சன்னல் குறைந்த அறையில் அடர்நிறம் பூசினால் பகலிலும் விளக்கு எரியும். அச்செலவு மாதந்தோறும் தொடரும். வெளிர்நிறத்தில் கைக்கறை விரைவில் தெரியும் என்பது உண்மையே. கழுவத்தக்க பெயின்ட் அக்குறையைப் பெரிதும் தீர்க்கும். அடர்நிறத்தைப் பின்னர் வெளிர்நிறமாக மாற்றவோ பிரைமரும் கூடுதல் பூச்சும் வேண்டியிருக்கும்.

அடர்நிறத்தை விரும்புவோர், கூரையையும் சன்னலுக்கு எதிர்ச்சுவரையும் வெளிர்நிறமாக வைத்துப் பக்கச்சுவர் ஒன்றில் மட்டும் அதனை அமைக்கலாம். எத்தனை பூச்சு என்பதை மதிப்பீட்டில் எழுதி வாங்கிய பின்னரே கடன்தொகையை முடிவு செய்க.