முரானோ மணியா, போலி மணியா?

வெனிஸ் நகரில் ரியால்டோ பாலத்துக்கு அருகே இருந்த ஒரு சிறு கடையில்தான் அந்த மாலையை வாங்கினேன். நீலக் கண்ணாடி மணிகள், ஒவ்வொன்றிலும் தங்கப் பொட்டு. விலை 15 யூரோ. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “முரானோ கண்ணாடிதானே?” என்று கேட்டேன். கடைக்காரர் தலையாட்டினார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நீர்ப்பேருந்தில் முரானோ தீவுக்குப் போனேன். உலைகளால் வெனிஸ் நகரில் தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் 1291ல் கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்ற உத்தரவிட்டார்கள். அன்று தொடங்கிய தொழில் இன்றும் அங்கே நடக்கிறது.

ஒரு சிறிய பட்டறையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் சுடர் விளக்கின் முன் அமர்ந்து மணி செய்துகொண்டிருந்தார். ஒரு கையில் வண்ணக் கண்ணாடிக் கோல், மறு கையில் மெல்லிய உலோகக் கம்பி. கோலின் நுனி தேன்போல் உருகியதும் அதைக் கம்பியில் சுற்றினார். சுற்றிய மணியைத் தங்க ரேக்கின் மேல் உருட்டினார். அதன் மேல் நிறமற்ற கண்ணாடியை ஒரு படலமாகப் போர்த்தினார். ஒரு மணிக்கே சில நிமிடங்கள் ஆயின. செய்த மணியை உடனே வெளியே வைத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் சிறிய அடுப்புக்குள் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டுமாம்.

தயங்கித் தயங்கி என் மாலையை நீட்டினேன். அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. தன் மணிகள் சிலவற்றை அதன் அருகில் வைத்து, “நீங்களே பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். என் மாலையின் மணிகள் எல்லாம் அச்சில் வார்த்தவைபோல் ஒரே அளவில் இருந்தன. ஓரத்தில் மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தது. தங்கப் பொட்டு மேல்பூச்சு மட்டுமே. நகத்தால் சுரண்டியதும் துகள் உதிர்ந்தது. அவருடைய மணிகளிலோ தங்கம் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. சூட்டில் கண்ணாடி விரிய, ரேக்கு அதனுடன் விரிய முடியாமல் நுண்ணிய வெடிப்புகளாகச் சிதறியிருந்தது. எந்த இரண்டு மணியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இல்லை.

‘மில்லெஃபியோரி’ எனப்படும் பூ மணிகளுக்கும் இது பொருந்தும். ‘ஆயிரம் பூ’ என்பது அந்தச் சொல்லின் பொருள். பல வண்ணக் கோலை நீட்டி, குறுக்கே துண்டு போட்டு அதைச் செய்கிறார்கள். அதனால் பூ வடிவம் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளேயும் செல்லும். பிளாஸ்டிக் களிமண்ணில் செய்த போலி மணி எடை குறைவாக இருக்கும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடிபோல் சில்லென்று இருக்காது.

ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் போதாது. சீனா போன்ற நாடுகளில் இதே முறையில் கையாலேயே மணி செய்து அனுப்புகிறார்கள். அவற்றிலும் ரேக்கு உண்டு, பூவும் உண்டு. அவை அழகில்லாதவை அல்ல. முரானோவில் பிறந்தவை என்று சொல்லி விற்பதுதான் பொய். நல்ல போலியை நிறமோ, காற்றுக்குமிழியோ காட்டிக்கொடுக்காது. எங்கே, யார் செய்தது என்ற விவரம்தான் காட்டிக்கொடுக்கும்.

அதற்காகவே வெனெத்தோ மாநில அரசு 1994ல் சட்டம் இயற்றி, ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற வணிக முத்திரையை உருவாக்கியது. அந்த ஒட்டுவில்லையில் பட்டறையின் எண் இருக்கும். உண்மையான கலைஞர்கள் எல்லாருமே இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்லர். ஆகவே முத்திரை இல்லை என்பதாலேயே பொருள் போலி ஆகிவிடாது. அப்போது செய்தவரின் பெயரைக் கேட்டு, ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள். ‘முரானோ பாணி’ என்றால் அது முரானோ அல்ல. ‘இத்தாலியில் தயாரானது’ என்ற வாசகமும் நாட்டைத்தான் சொல்கிறது, தீவை அல்ல. 916 முத்திரையைப் பார்க்காமல் தங்கம் வாங்காத நமக்கு இது புதிய பழக்கமல்ல.

இதில் நம் பணம் மட்டும் வீணாவதில்லை. கண்ணாடி மணிக் கலையை 2020ல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. 2022ல் எரிவாயு விலை எகிறியபோது தீவில் பல உலைகள் அணைந்தன. ஒரு நாள் முழுக்கச் சுடர் முன் உட்கார்ந்து செய்த மணி, அச்சில் வார்த்த மணியுடன் விலையில் போட்டியிட முடியுமா?

அந்தப் பெண்மணியிடம் ஒரு ஜோடித் தோடு வாங்கினேன். 48 யூரோ. ரசீதில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மாலையையும் தோட்டையும் அம்மாவிடம் கொடுத்தேன். மாலையில் ஏமாந்த கதையையும் மறைக்கவில்லை. அம்மா சிரித்துவிட்டு, “இந்தத் தோட்டைச் செய்த பெண் பெயர் என்ன?” என்று கேட்டார். ரசீதை எடுத்துப் படித்துக் காட்டினேன். மாலையைப் பற்றி அதே கேள்வி வந்திருந்தால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.