காப்புறுதியும் வழக்குச் செலவும்

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையிலிருந்து கிள்ளானுக்குக் காரில் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் அவர் தடம் மாறும்போது கார் ஒரு மோட்டார் சைக்கிள் மீது மோதிவிடுகிறது. மோட்டார் சைக்கிளோட்டிக்குக் கால் முறிகிறது. சில மாதங்கள் கழித்துக் காரோட்டியின் வீட்டுக்கு நீதிமன்ற ஆவணம் வருகிறது. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், பட்ட வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கப்பட்டுள்ளது. இத்தகைய வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றம் வழங்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இல்லை. வழக்கறிஞரை அமர்த்தவும் பணம் வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் இதற்கெல்லாம் எங்கே போவார்?

இங்குதான் காப்புறுதி கைகொடுக்கிறது. கார் பழுதானால் கிடைக்கும் பணமே காப்புறுதி என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது காருக்கான காப்பை அன்று; விபத்தில் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய காப்பையே. இதை ‘மூன்றாம் தரப்புக் காப்புறுதி’ என்பர். இஃது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

வழக்கு வந்தால், காப்புறுதி நிறுவனமே வழக்கறிஞரை நியமித்துக் காரோட்டியின் பெயரில் வாதாடும். தோற்றால், இழப்பீட்டோடு எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் அதுவே செலுத்தும்.

எனினும், சில கடமைகள் உண்டு. விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். நீதிமன்ற ஆவணத்தை உடனே நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். பயந்துபோய் அதை மேசை அறையில் பூட்டி வைத்தால், நீதிமன்றம் ஒருதலையாகத் தீர்ப்பளித்துவிடலாம். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றித் தாமே வழக்கறிஞரை அமர்த்தினால், அச்செலவு அவரவர் தலையில்தான் விழும்.

சாலையோரத்தில் நின்று, “தவறு என்னுடையதுதான், எல்லாச் செலவையும் நானே கொடுக்கிறேன்” என்று வாக்களிப்பதையும் காப்புறுதிப் பத்திரம் தடுக்கிறது. கேட்பதற்கு இது கல்மனமாகத் தோன்றலாம். ஆனால், காயமுற்றவருக்கு உதவுவதை எந்தப் பத்திரமும் தடுக்கவில்லை. 999 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடன் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

காப்புறுதிக்கும் எல்லை உண்டு. சிவப்பு விளக்கை மீறியதற்கான அபராதத்தை அது கட்டாது. வாகனமோட்டி மரணம் விளைவித்ததாக ஒருவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டால், தற்காப்புச் செலவில் ஒரு வரம்புவரை தரும் பத்திரங்கள் உள்ளன. சிறைத்தண்டனை கிடைத்தால், அதை அனுபவிக்க வேண்டியவர் ஓட்டுநரே.