இறப்புத் தொகைக் கோப்பில் ஒரு சொந்த ஊர்

மொன்றியல் நகரின் வடக்கு ஓரத்தில், ப்ரேரி ஆற்றங்கரையில் இருக்கிறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். அங்குள்ள சோ-ஓ-ரெக்கொலே என்ற கத்தோலிக்கப் பங்கு 1736-இல் தொடங்கியது. கியூபெக்கில் 1993 முடியும்வரை தேவாலயப் பதிவேடே குடிமைப் பதிவாகவும் செல்லுபடியானது. அதன் இன்னொரு படி நீதிமன்றத்துக்குப் போனது. அதனால் பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் திருமணப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டே பல தலைமுறை மேலே போய்விடுகின்றன. அதே பகுதியில் வாழும் போலந்து வம்சாவளியினருக்கு அந்த வழி கடலோடு அறுந்துவிடுகிறது. 1795 முதல் 1918 வரை போலந்து ஒரு தனி நாடாகவே இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கிட்டு வைத்திருந்தன. எனவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டனாரின் பிறப்பிடம் வெறும் ‘ரஷ்யா’ என்றோ ‘ஆஸ்திரியா’ என்றோ நின்றுவிடும். போலந்தில் தேடுவதற்கோ கிராமத்தின் பெயர் வேண்டும்.

அந்தப் பெயரைத் தேட முதலில் திறக்க வேண்டியது சகோதரச் சங்கங்களின் கோப்புகளைத்தான் என்பேன். நம் ஊர் மரண உதவிச் சங்கங்களைப் போல, சந்தா வாங்கி, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுத்த அமைப்புகள் இவை. அமெரிக்காவில் போலிஷ் ரோமன் கத்தோலிக்க ஒன்றியம் 1873-இலும், போலிஷ் தேசியக் கூட்டணி 1880-இலும், போலிஷ் பெண்கள் கூட்டணி 1898-இலும் பிறந்தன. மொன்றியலின் போலிஷ் தொழிலாளரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். கணக்கெடுப்பாளருக்கு ஒருவர் எந்தக் கிராமத்தார் என்பது பொருட்டல்ல; சங்கத்துக்கோ தப்பான ஆளிடம் பணம் போய்விடக் கூடாது. ஆகவே உறுப்பினர் விண்ணப்பம், மருத்துவர் அறிக்கை, இறப்புச் சான்று, தொகை பெறுவோரின் பெயரும் உறவும் என்று கோப்பு தடிக்கிறது. பல விண்ணப்பங்களில் பிறந்த ஊரும் இருக்கும். பணம் பெறுபவர் போலந்தில் இருக்கும் தாயோ தம்பியோ என்றால் அவர்களுடைய முகவரியே வழிகாட்டும்.

உறுப்பினர் சொன்னதைத்தானே எழுதினார்கள், அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். வயது விஷயத்தில் அந்தச் சந்தேகம் நியாயம். வயது ஏறினால் சந்தாவும் ஏறும், சேர்க்கையே மறுக்கப்படலாம். ஆனால் ஊரை மாற்றிச் சொல்லி யாருக்கும் லாபமில்லை. பல கிளைகள் ஒரே தேவாலயத்தைச் சுற்றி அமைந்தவை என்பதால் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் விவரம் தெரியும். எல்லாரும் சங்கத்தில் சேரவில்லை என்பதும் உண்மைதான். அப்படிப்பட்ட ஒருவரின் அண்ணனோ மைத்துனனோ சேர்ந்திருந்தால் அந்தக் கோப்பும் உதவும். கடினமான தடை வேறு: டொம்ப்ரோவா போன்ற பெயரில் போலந்தில் ஏராளமான ஊர்கள் உண்டு. அதற்கு 1880-க்கும் 1902-க்கும் இடையில் வெளிவந்த போலந்து புவியியல் அகராதியைப் புரட்ட வேண்டும். ஓர் ஊர் எந்த மாவட்டம், எந்தப் பங்கு என்று பெரும்பாலும் அது சொல்லும். ஞானஸ்நான ஏட்டைத் தேட வேண்டியது அந்தப் பங்கில்தான்.