மோதிரம் விரலின் உள்ளேயா, மேலேயா?

கிண்ணத்தில் ஆப்பிள், மேசையில் கோப்பை, விரலில் மோதிரம். தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் ஆப்பிளுக்கு ‘இன்’, கோப்பைக்கு ‘ஆன்’. மோதிரத்துக்கும் ‘ஆன்’தான்!

ஆங்கிலம் பார்ப்பது இதைத்தான்: பொருள் ஒன்றுக்குள் அடங்கியிருக்கிறதா, அல்லது ஒன்றின் பரப்பைத் தொட்டு அதன் பிடிமானத்தில் இருக்கிறதா? பிடிமானம் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் சுவரில் மாட்டிய படத்துக்கும், உட்கூரையில் தலைகீழாக நிற்கும் ஈக்கும்கூட ‘ஆன்’ வருகிறது. மேசையைத் தொடாமல் அதற்கு மேலே தொங்கும் விளக்குக்கு மட்டும் ‘ஓவர்’.

கொரிய மொழி கேட்கும் கேள்வியே வேறு: இறுக்கமாகப் பொருந்துகிறதா, தளர்வாக இருக்கிறதா? விரலில் மோதிரம் போட்டாலும், பேனாவுக்கு மூடி போட்டாலும், அட்டை உறைக்குள் புத்தகத்தைச் செருகினாலும் அங்கே ஒரே வினைச்சொல், ‘க்கிதா’. கூடைக்குள் ஆப்பிளைப் போட வேறு சொல். இரண்டு வயது நிறைவதற்குள்ளேயே கொரியக் குழந்தைகள் இதைச் சரியாகப் பிரிக்கிறார்கள் என்று சூன்ஜா சோய், மெலிசா பௌர்மன் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் எழுதினார்கள்.

அப்படியென்றால், இறுக்கம், தளர்வு என்ற வேறுபாட்டை மொழிதான் கற்றுத் தருகிறதா? பேச்சே வராத குழந்தையிடம் இதை எப்படிக் கேட்பது? அதன் கண்களைக் கவனிக்க வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை சலித்துத் திரும்பிக்கொள்ளும். புதிதாக ஏதாவது தெரிந்தால் அதிக நேரம் பார்க்கும். சூசன் ஹெஸ்பாஸ், எலிசபெத் ஸ்பெல்கி என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் வீடுகளின் 5 மாதக் குழந்தைகளை இப்படித்தான் சோதித்தார்கள். தளர்வாகப் பொருந்தும் உருளைகளைப் பார்த்துச் சலித்த குழந்தைகள், இறுக்கமாகப் பொருந்துவதைக் கண்டதும் உற்றுப் பார்த்தார்கள். ஆங்கிலம் பொருட்படுத்தாத வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது! 2004-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அதே ஆய்வில், ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. கொரிய மொழி பேசும் பெரியவர்கள் பொருட்படுத்தினார்கள். ஆங்கிலம் பேசுவோர் கண்ணில் குறை ஏதுமில்லை. அவர்கள் மொழி அதைக் கவனிக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒலிகளிலும் இது நடக்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் செய்த சோதனையில், ஆங்கில வீடுகளின் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்து உணர்ந்தார்கள். ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலோரால் அது முடியவில்லை.