முதல் தோசையும் மறுக்கப்பட்ட லீவும்

‘சொந்த வேலையாக நாலு நாள் லீவு கேட்டேன், மேனேஜர் முடியாது என்றுவிட்டார். மறுபடி போய்க் கேட்டால் எரிந்து விழமாட்டாரா?’ என்கிறது ஒரு வாசகர் கேள்வி. இதற்கு விடை விற்கும் வித்தகர்கள் ஏராளம். ‘மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள், அறிவியலே சொல்கிறது’ என்பார்கள். அந்த அறிவியல், இஸ்ரேலின் பரோல் விசாரணைகளைப் பற்றி 2011-ல் வந்த ஒரு கட்டுரை. அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 விழுக்காடாக இருந்த சாதகமான முடிவுகள், இடைவேளை நெருங்க நெருங்கப் பூச்சியத்தருகே போயினவாம். வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் எடுக்கப்பட்டன என்று அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகவே மேனேஜரின் வயிற்றை விட்டுவிடுவோம்.

கவனிக்க வேண்டியது மறுத்தவரின் மனம். டேனியல் நியூவார்க், பிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் துருவியது. ஒருமுறை மறுத்தவர் அடுத்ததையும் மறுப்பார் என்றே கேட்பவர்கள் கணித்தார்கள். ‘ஆளே அப்படித்தான்’ என்று மறுப்பை அவர் குணத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். ஆனால், ஒரே ஆளிடம் இரண்டாவது தடவையும் ‘இல்லை’ என்பது மறுப்பவருக்குக் கூச்சமும் குற்றவுணர்வும் கலந்த அவஸ்தை. அந்த அவஸ்தையைக் கேட்பவர் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனாலேயே, ஒருமுறை மறுத்தவர்கள் அடுத்த வேண்டுகோளுக்கு, கேட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சம்மதித்தார்கள்.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-ல் ராபர்ட் சியால்டினி குழுவினர், சிறார் குற்றவாளிகளை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போக மாணவர்களைக் கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 விழுக்காட்டினர்தான் இசைந்தனர். இரண்டு ஆண்டுகள் வாராவாரம் தொண்டு செய்யச் சொல்லி, அது மறுக்கப்பட்ட பிறகு இதைக் கேட்டபோது 50 விழுக்காடு! இன்னொரு சோதனையில், இரண்டாவது வேண்டுகோளை வேறொருவர் வந்து கேட்டதும் சம்மதம் 10 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. சமூக உளவியலின் புகழ்பெற்ற சோதனைகள் பல மறுபரிசோதனையில் மண்ணைக் கவ்விய காலத்தில், இது 2021-ல் தேறியது.

வீட்டில் தோசை சுடுபவருக்கு இது புதிதல்ல. முதல் தோசை பிய்ந்துபோனால் மாவைக் கொட்டிவிடுவதில்லை. கல் இப்போதுதான் பழகியிருக்கிறது. அதே கல்லில், சூடு ஆறுவதற்குள், கொஞ்சம் மெல்லிசாக வார்த்தால் இரண்டாவது முழுசாக எழும்பும். அதே கல் என்றால் அதே மேனேஜர். பக்கத்து அடுப்புக்கு, அதாவது மனிதவளத் துறைக்கு, உடனே ஓடக் கூடாது. மெல்லிசு என்றால் நாலு நாள் இரண்டு நாளாவது. எண்ணெய் தடவுவது எதற்குச் சமம் என்று கேட்காதீர்கள். உவமை அங்கே தீய்ந்துவிடுகிறது.

முதலில் பத்து நாள் கேட்டுவிட்டு நாலுக்கு இறங்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். மேனேஜரைத் தினமும் பார்க்க வேண்டும். தந்திரம் ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த உண்மையான வேண்டுகோளும் பேரமாகவே தெரியும். அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு: வளாகத்தில் அந்நியரிடம் கேட்பதும், சம்பளம் தரும் இடத்தில் மேலதிகாரியிடம் கேட்பதும் ஒன்றா? இல்லைதான். அலுவலக மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஆள் பற்றாக்குறை. குற்றவுணர்வு ஷிப்டுக்கு ஆள் தராது. எனவே, இறங்கி வருவது அவருடைய சிக்கலையும் அவிழ்க்க வேண்டும்: தீபாவளிக்கு முந்தைய நாளுக்குப் பதில் மறுநாள், ஷிப்டு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒருவரின் பெயர். ஆனால் மகப்பேறு விடுப்பு போன்றவை சட்ட உரிமை. அவற்றில் இறங்கி வரும் பேச்சே கூடாது.

இரண்டாவது முறையும் மறுத்தால்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட சம்பள விடுப்பைத் தொழிலாளி வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றது; தானாக எடுக்காமல் விட்ட விடுப்புக்கோ 30 நாள் வரம்பு. கேட்டதும் மறுத்ததும் வாய்ப்பேச்சாகவே போனால் இந்த வேறுபாட்டை நிரூபிக்க வழியில்லை. ஆகவே இரண்டு முறையும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.