திருநகர் மூணாவது ஸ்டாப்பில் சிறுத்தை இறங்கினால்?

மலை கிடையாது, காடு கிடையாது. சுற்றிலும் வயல், வாய்க்கால், கோயில் கோபுரம். அப்படிப்பட்ட மயிலாடுதுறையில் 2024 ஏப்ரல் 2-ம் தேதி ராத்திரி ஒரு சிறுத்தை பாட்டுக்கு ஹாயாக நடந்து போனது. செம்மங்குளம் பக்கம் சிசிடிவியில் அது பதிவாக, ஊரே ஆடிப்போனது. நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் அனல் பறந்த நேரம் அது. ஆனா டீக்கடையில் ஓட்டுப் பேச்சு போய் சிறுத்தைப் பேச்சு வந்துடுச்சு! சில பள்ளிகளுக்கு லீவு. கேமரா வைத்தார்கள், கூண்டு வைத்தார்கள், ட்ரோன் விட்டார்கள். அய்யா சிக்கவே இல்லை. ஒன்பது, பத்து நாள் கழித்து கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம் செந்துறையில் சிறுத்தை தென்பட்டது.

இதைப் படிச்சுட்டு, 'நமக்கென்ன, நாம மதுரைக்காரங்க'ன்னு பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? கொஞ்சம் இருங்க. டெல்டாவில் நடந்தது நம்ம ஊரில் நடக்காது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் சாப்டூர் வனச்சரகம், பேரையூர் தாண்டி நம்ம மாவட்டத்துக்குள்தான் இருக்கு. வடக்கே அழகர்மலை, நத்தம் குன்றுகள், அதைத் தாண்டினால் சிறுமலை. நடுவில் முயல் என்ன, நாலு ஆளே ஒளிஞ்சுக்கலாம் போல சீமைக்கருவேலம். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சிறுத்தைகள் 1,070. புலிகள் வெறும் 306. இந்தியா முழுக்கச் சிறுத்தைகள் 13,874.

(சின்ன டவுட் கிளியரன்ஸ்: மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், கண்ணிலிருந்து வாய் வரை கருப்புக் கோடு போட்ட ஆள் வேற. அது சிவிங்கிப்புலி. இந்தியாவில் அழிந்துபோய், 2022-ல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவந்தார்களே, அது. நாம பேசுறது ரோஜாப்பூ மாதிரி கொத்துக் கொத்தாகப் புள்ளி வைத்த, மரம் ஏறும் சிறுத்தை.)

சரி, ஒரு நாள் வந்து போவது வேற. மனுஷங்க நடுவிலேயே குடும்பம் நடத்த முடியுமா? முடியும். நடத்திக்கிட்டு இருக்கு!

மகாராஷ்டிராவில் அகோலேன்னு ஒரு ஊர். பாசன வயல், கரும்புத் தோட்டம், ஆடு மாடு, நாய்கள். நம்ம மேலூர், அலங்காநல்லூர் பக்கம் மாதிரியே வைங்க. மான் கிடையாது, மிளா கிடையாது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வசிக்கிறாங்க. அங்கே வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளர் தானியங்கி கேமராக்களை வைத்துப் பார்த்தார். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சிறுத்தை, கூடவே 5 கழுதைப்புலி! 2013-ல் அந்த ஆய்வு வெளியானபோது பல பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டிலிருந்து வழி தப்பி வந்தவை இல்லை அவை. கரும்புக்குள்ளேயே குட்டி போட்டு, அங்கேயே வளர்ந்து, அங்கேயே வாழ்பவை. கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை மாட்டிப் பார்த்தபோது, ராத்திரியில் வீடுகளுக்கு 25 மீட்டர் பக்கத்தில்கூட சர்வசாதாரணமாக நடமாடியது தெரிந்தது. பகல் முழுக்க புதருக்குள் குறட்டை, ஊர் அடங்கினதும் டூட்டி. நம்ம ஹாஸ்டல் பசங்க டைம்டேபிள்தான்.

சாப்பாடு? அதன் உணவில் எடைக் கணக்குப்படி 39 சதவீதம் தெரு நாய். கோழி, எலி, பூனை, ஆடு, எது கிடைத்தாலும் ஓகே. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி வாழும் சிறுத்தைகள் வருஷத்துக்கு சுமார் 1,500 நாய்களைத் தின்பதாகவும், அதனால் ஆயிரம் பேராவது நாய்க்கடியிலிருந்து தப்பிப்பதாகவும் 2018-ல் ஒரு ஆய்வு கணக்கே போட்டது. கேட்க குஷியாத்தான் இருக்கு. அதுக்காக நாயைப் பிடிக்க சிறுத்தையைக் கூப்பிட முடியாது. ஆனா விஷயம் புரியுதில்ல? தெருமுனையில் நாம கொட்டுற பிரியாணி மிச்சம் நாயை வளர்க்குது, நாய் சிறுத்தையை இழுக்குது.

இப்ப சீரியஸ் மேட்டர். இதை 'ஆஹா, அழகு'ன்னு மட்டும் எழுதிட்டுப் போனா அது அயோக்கியத்தனம். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூரில் மூணு வயசுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில், வீட்டு வாசலில் இருந்த சிறுமியைத் தூக்கிப்போனது. ரெண்டு குடும்பமுமே ஜார்கண்டிலிருந்து பிழைக்க வந்த தேயிலைத் தொழிலாளர்கள். வாசலை ஒட்டி தேயிலைப் புதர், சரியான வெளிச்சம் இல்லாத லைன் வீடு, ரெண்டு பேரும் வேலைக்குப் போயே ஆகணும்ங்கிற நிலைமை. சிறுத்தையோடு சேர்ந்து வாழலாம்னு ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்றது ஈஸி. அதுக்கான விலையை யார் கொடுக்கிறாங்கன்னு பாருங்க.

'அப்ப பிடிச்சுக் காட்டுல விட்டுடலாமே?' எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். புனே மாவட்டம் ஜுன்னாரில் அதைத்தான் செய்தார்கள். யாரையும் தொடாத சிறுத்தைகளைக்கூடப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். 2001-க்கு முன்பு வருஷத்துக்கு சராசரியாக 4 தாக்குதல். பிடித்து விட ஆரம்பித்த பிறகு, 2003 வரை, வருஷத்துக்கு 17! சிறுத்தைக்குத் தன் ஏரியாதான் எல்லாம். எங்கே தண்ணீர், எந்த வீட்டில் நாய், எந்த நேரம் ஆள் நடமாட்டம் என்பதெல்லாம் அத்துப்படி. தெரியாத இடத்தில் இறக்கி விட்டால் பதற்றத்தில் ஊர் ஊராக அலையும். காலியான அதன் பழைய ஏரியாவுக்கு இன்னொரு சிறுத்தை குடிவந்துவிடும்.

எனக்குப் பிடிச்ச உதாரணம் கோவை. 2022 ஜனவரி 17-ல் பி.கே.புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. வனத்துறை மயக்க ஊசியைத் தூக்கிக்கிட்டு உள்ளே பாயவில்லை. வாசலில் கூண்டு வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருநாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, அஞ்சு நாள்! 22-ம் தேதி அதுவே கூண்டுக்குள் வந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இதே நம்ம ஊர்க் கூட்டமா இருந்தா? கூரை மேல ஏறி செல்ஃபி, விசில், கல்லு... சிறுத்தைக்குத் தப்பிக்க வழி இல்லாமல் போகும்போதுதான் ஆள் மேல் பாய்கிறது. ஊருக்குள் சிறுத்தை புகுந்த செய்திகளில் காயம்பட்டவர்களில் பலரும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள், இல்லைன்னா விரட்டப் போனவர்கள்.

அதனால திருநகர்வாசிகளே, மூணாவது ஸ்டாப்போ எட்டாவது ஸ்டாப்போ, உங்க தெருவில் ஒருநாள் புள்ளிக்காரரைப் பார்த்தா, முதல்ல குழந்தைகளை உள்ளே கூட்டிக்கிட்டு கதவைச் சாத்துங்க. அப்புறம் 112-க்கு அடிச்சு, வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்க. அது போக ஒரு பக்கம் வழி விடுங்க. முதுகைக் காட்டி ஓடாதீங்க, குனியாதீங்க. வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டா அஞ்சு நிமிஷத்தில் ஐநூறு பேர் வந்து நிப்பாங்க. கிராமத்தில் ஆடு வெச்சிருக்கிற சித்தப்பா, பெரியப்பா இருந்தா கொட்டகைக்கு மேலேயும் கம்பி வலை போடச் சொல்லுங்க. ராத்திரி வெளியே ஒதுங்கப் போற பிள்ளைகளோடு பெரியவங்க யாராவது கூடப் போகணும். டார்ச்சும், சத்தமா ஒரு பாட்டும் போதும்.

இன்னொண்ணு. 2009-ல் மகாராஷ்டிராவில் ஒரு கிராமத்துக் கிணற்றில் விழுந்த வயசான ஆண் சிறுத்தையை மீட்டு, பட்டை மாட்டி, மால்ஷேஜ் மலைப்பாதை பக்கம் விட்டார்கள். பேர் அஜோபா. மராத்தியில் தாத்தான்னு அர்த்தம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து, நெடுஞ்சாலை, ரயில் பாதை, கடைசியில் உப்பங்கழியையும் நீந்திக் கடந்து மும்பை பக்கம் போய்ச் சேர்ந்தார் தாத்தா. வழியில் ஒரு மனுஷனையும் தொடவில்லை. 2014-ல் அவர் பேரிலேயே சினிமாகூட வந்தது. ஆனா அதைப் பார்க்க தாத்தா இல்லை. 2011 டிசம்பரில் மும்பை அருகே ரோட்டைக் கடக்கும்போது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டது. சாப்டூர் பக்கமிருந்து ஒரு சிறுத்தை திருநகர் வரணும்னா, அதுவும் நம்ம நாலுவழிச் சாலையைத் தாண்டித்தான் வரணும்.