'எம்'மா, 'என்'னா? நடுக்கடலில் உயிர் காக்கும் 'மைக்', 'நவம்பர்'!

ஆவடி:

ஆவடி அருகே உள்ள கோவில்பதாகையின் பெயரிலேயே 'பதாகை' இருக்கிறது. பதாகை என்றால் கொடி. இந்த ஊரில் ஏரி உண்டு, கடல் கிடையாது. ஆனால் கடலில் கப்பல்கள் கொடியை வைத்தே பேசிக் கொள்ளும் சங்கதி பலருக்கு தெரியாது.

புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏத்துறாங்க இல்லையா? கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இதுவும்.

26 எழுத்து, 26 கொடி

1857-ல் பிரிட்டன் வெளியிட்ட சங்கேத புத்தகத்தில் இருந்து வளர்ந்தது இந்த முறை. இப்போது ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி உண்டு. தனிக்கொடிக்கும் அர்த்தம் இருக்கிறது.

முழு மஞ்சள் கொடி பறந்தால், 'கப்பலில் எல்லோரும் நலம், துறைமுகத்துக்குள் வர அனுமதி கொடுங்கள்' என்று அர்த்தம். முழு சிவப்பு என்றால் வெடிபொருள் போன்ற ஆபத்தான சரக்கு இருக்கிறது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறி விட்டார். குறுக்காக பிரித்த சிவப்பு-மஞ்சள் கொடி ஏறினால், ஆள் கடலில் விழுந்து விட்டார்!

ஒரு எழுத்து மாறினால்...

ரேடியோவில் வேறு சிக்கல். இரைச்சலில் 'எம்', 'என்' இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். 'பி', 'டி'யும் அப்படித்தான். போனில் நாம் 'பி பார் பாம்பே' என்று சொல்வது இதனால்தான்.

தமிழக மீன்பிடி படகுகளின் பதிவு எண் 'ஐஎன்டி-டிஎன்' என்று தொடங்கும். நடுவில் விசைப்படகுக்கு 'எம்எம்', மோட்டார் பொருத்திய படகுக்கு 'எம்ஓ' வரும். ஒரு எழுத்து தப்பாக காதில் விழுந்தால், தேடுவது வேறு படகாகி விடும்.

இதற்காக 1956-ல் உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு பட்டியல் முடிவானது. 'ஏ' முதல் 'இசட்' வரை வரிசையாக:

ஆல்பா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, பாக்ஸ்டிராட், கோல்ப், ஓட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லிமா, மைக், நவம்பர், ஆஸ்கர், பாப்பா, கியூபெக், ரோமியோ, சியரா, டாங்கோ, யூனிபார்ம், விக்டர், விஸ்கி, எக்ஸ்-ரே, யாங்கி, சூலு.

'ஐ' எழுத்துக்கு நம்ம 'இந்தியா' என்பது குறிப்பிடத்தக்கது. ஆக, படகு எண்ணை 'இந்தியா நவம்பர் டெல்டா, டாங்கோ நவம்பர், மைக் மைக்' என்று சொன்னால் குழப்பமே வராது. 'பைவ்', 'நைன்' குழம்பாமல் இருக்க, 9-ஐ 'நைனர்' என்பார்கள்.

ஆபத்து வந்தால்?

உயிருக்கு ஆபத்து என்றால் வி.எச்.எப். ரேடியோவில் 16-வது சேனலில் 'மேடே' என்று 3 முறை சொல்ல வேண்டும். அடுத்து படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற விவரம்.

ரேடியோ கெட்டுப் போச்சா? அப்போதும் கொடி பேசும். வெள்ளையில் சிவப்பு பெருக்கல் குறி போட்ட கொடி, 'உதவி தேவை' என்று சொல்லி விடும்.

கடலில் ஆபத்து என்று தெரிந்தால், கரையில் இருப்பவர்கள் கடலோர காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம்.